பில் வால்ஷின் வெற்றி யாருடையது: பயிற்சியாளருடையதா, மொண்டானாவுடையதா?

ஓரத்து நாற்காலி எழுதியது:

1982 ஜனவரி 10 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் ஃபார்ட்டி நைனர்ஸ் அணியும் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் பழைய பதிவைச் சென்ற வாரம் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன். ‘தி கேட்ச்’ என்று இன்றும் பேசப்படும் அந்த ஒரு பந்துக்காகத்தான் எல்லோரும் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். நானும் அதற்காகவே தொடங்கினேன். பார்த்து முடித்தபோது மனத்தில் நின்றவர் பந்தை எறிந்த குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தெறிபவர்) ஜோ மொண்டானாவும் அல்லர், பிடித்த ட்வைட் கிளார்க்கும் அல்லர். வெளுத்த தலையுடன் மைதான ஓரத்தில் நின்றுகொண்டிருந்த தலைமைப் பயிற்சியாளர் பில் வால்ஷ்.

ஆட்டம் முடிய 58 நொடிகள் இருக்கின்றன. டல்லாஸ் 27–21 என்று முன்னிலையில் இருக்கிறது. பந்து டல்லாஸின் ஆறு யார்டு கோட்டில் கிடக்கிறது; நான்கு முயற்சிகளில் மூன்றாவது. வால்ஷ் மொண்டானாவை அருகில் அழைத்து, அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் ஃப்ரெடி சாலமனுக்கு டச் டவுன் (பந்தை எதிரணியின் கோடிக்குக் கொண்டுபோய்ப் பெறும் ஆறு புள்ளி) பெற்றுத்தந்த அதே திட்டத்தை மறுபடியும் சொல்கிறார். நினைத்தபடி அமையாவிட்டால் பந்தை வெளியே எறிந்துவிடு, இன்னொரு முயற்சி கையில் இருக்கிறது என்றும் சொல்லி அனுப்புகிறார். சாலமன் வழுக்கிவிடுகிறார். மொண்டானா மூன்று தடுப்பாளர்கள் துரத்த வலப்புற எல்லைக்கோட்டை நோக்கிப் பின்வாங்கியபடியே ஓடி, பார்ப்பவர்களுக்கு வீண் எறிதலாகத் தோன்றும் உயரத்தில் பந்தை விடுகிறார். மைதானக் கோடியிலுள்ள எண்ட் ஜோனின் பின்கோட்டை ஒட்டி ஓடிவந்த கிளார்க் எம்பி அதை விரல்நுனிகளில் பிடிக்கிறார். டச் டவுனும் அதைத் தொடர்ந்த உதையும் சேர்ந்து 28–27.

கிளார்க் அங்கே தற்செயலாக வந்து நிற்கவில்லை. முதல் ஆள் அடைபட்டால் இரண்டாவது ஆள் பின்கோட்டோரமாகத் திரும்பி ஓடவேண்டும் என்பது பயிற்சிக் காலத்திலேயே மறுபடி மறுபடி ஆடிப்பார்க்கப்பட்ட பகுதி. ஆகவே என் கேள்வி இது: பத்துப் பருவங்களில் மூன்று முறை சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை வென்ற வால்ஷின் பெருமை உண்மையில் அவருடையதா, அல்லது மொண்டானா போன்ற ஒருவர் கிடைத்ததால் வந்து ஒட்டிக்கொண்டதா? அவருடைய மொத்த எண்ணிக்கை, வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து, 102 வெற்றி, 63 தோல்வி, ஒரு சமன். இன்னொரு பயிற்சியாளரான டான் ஷூலாவின் 347 வெற்றிகளுக்கு முன்னால் இது சிறிய எண்தான். அப்படியிருந்தும் ஷூலாவைக் காட்டிலும் வால்ஷின் பெயரே பயிற்சியாளர்களின் பேச்சில் அதிகம் வருகிறது. ஏன்?

மூன்றாம் வரிசை எழுதியது:

நல்ல கேள்வி, என் விடை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வால்ஷ் 1988 பருவத்தோடு விலகினார். அவருக்குக் கீழே தடுப்பு ஆட்டத்தைக் கவனித்துவந்த ஜார்ஜ் சீஃபர்ட் தலைமைப் பொறுப்பேற்றார். அதே மொண்டானா, அவர் எறிவதைப் பிடிக்கும் அதே ஜெர்ரி ரைஸ். 1989இல் அணி 14 ஆட்டங்களை வென்று இரண்டில் மட்டும் தோற்றது, சூப்பர் பவுலில் டென்வரை 55–10 என்று நசுக்கியது. வால்ஷ் வென்ற மூன்று சூப்பர் பவுல்களில் எதிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியாளர் போனபின் அணி இன்னும் நன்றாக ஆடியதென்றால், வெற்றியை யார் கணக்கில் எழுதுவது?

மறுபக்கத்தையும் பாருங்கள். 1992இல் வால்ஷ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். முதல் ஆண்டு 10 வெற்றி, 3 தோல்வி. அடுத்த ஆண்டு 4–7, அதற்கடுத்த ஆண்டு 3–7–1. வால்ஷின் ஆட்டமுறைதான் முக்கியம் என்றால் முறை அங்கேயும் வேலை செய்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1978இல்தான் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் விதிகளை மாற்றியது. ஐந்து யார்டுகளுக்கு அப்பால், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைத் தடுப்பாளர் இடிக்கக்கூடாது என்றும், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசைக்காரர்கள் கைகளை நீட்டித் தடுக்கலாம் என்றும் ஆயிற்று. பந்தெறியும் ஆட்டத்துக்குக் கதவு திறந்த மறு ஆண்டே வால்ஷ் உள்ளே வருகிறார். அணி உரிமையாளர் எட்டி டிபார்டலோவோ பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். ஊதிய உச்சவரம்பு 1994 வரை கிடையாது. நேரமும் காசும் கூடிவந்த மனிதரைத் தத்துவஞானியாக்கிவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

மூன்றாம் வரிசை அவர்கள் சொன்ன உண்மைகளில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கதையை 1979இல் தொடங்குவதால்தான் அது நல்ல நேரத்தின் கதையாகத் தெரிகிறது. பதினோரு ஆண்டுகள் பின்னால் போய் சின்சினாட்டியில் தொடங்க வேண்டும்.

வால்ஷ் 1957இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஓர் உயர்நிலைப்பள்ளி அணியின் பயிற்சியாளராக வேலையைத் தொடங்கியவர். பின்னர் பெர்க்லியில் மார்வ் லீவியிடமும், அதன்பின் ஸ்டான்ஃபோர்டிலும் உதவியாளர். 1966இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் ஓராண்டு. 1968இல் புதிதாகத் தொடங்கப்பட்ட சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுனின்கீழ் சேர்ந்தார். அங்கே எட்டு ஆண்டுகள்.

1969இல் அந்த அணிக்கு கிரெக் குக் என்ற இளைஞர் கிடைத்தார். உயரமும் தோள்வலுவும் ஒருங்கே அமைந்த அவருக்காக வால்ஷ் நெடுந்தூரம் எறியும் ஆட்டத்தையே அமைத்திருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் குக்கின் எறியும் தோள் கிழிந்தது. அந்த வலியோடும் அவ்வாண்டு, சின்சினாட்டி அப்போது ஆடிய ஏஎஃப்எல் லீக்கின் முதன்மைப் பந்தெறிவாளராக முடித்தார். ஆனால் அந்தத் தோள் பிறகு சரியாகவே இல்லை.

1970இல் அவருக்குப் பதிலாக வந்தவர் வர்ஜில் கார்ட்டர். அறிவாளி, காலும் வேகம். ஆனால் பந்தை இருபது யார்டுக்கு அப்பால் விசையோடு எறியும் தோள் அவருக்கு இல்லை. அணியோ மூன்றே வயதுக் குழந்தை. எதிரணியின் பலசாலிகளை மோதித் தள்ளிக்கொண்டு பந்தைத் தூக்கி ஓடும் வலு அதற்கில்லை. இந்த இல்லாமைக்குள்ளிருந்துதான் வால்ஷின் முறை பிறந்தது. நீளத்தில் எறிய முடியாதென்றால் அகலத்தில் எறிவோம். ஆறேழு யார்டு தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் ஒருவனிடம் பந்தைச் சரியான நொடியில் சேர்த்தால் மீதித் தூரத்தை அவன் கால்கள் பார்த்துக்கொள்ளும். முதல் ஏழு ஆட்டங்களில் ஆறைத் தோற்ற அந்த அணி, அடுத்த ஏழையும் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு கார்ட்டர் என்எஃப்எல் முழுவதிலும் மிக உயர்ந்த விழுக்காட்டில், 62.2, பாஸ்களை (எறிதல்களை) முடித்தவரானார், அதாவது சகவீரர் கையில் சேர்த்தவரானார்.

பின்னாளில் இதற்கு ‘மேற்குக் கரை ஆட்டமுறை’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. வால்ஷுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயம் உண்டு. அது பிறந்தது பசிபிக் கரையில் அன்று, ஒஹையோ ஆற்றங்கரையில். விதி மாற்றத்துக்கும் எட்டு ஆண்டுகள் முன்பே என்பதையும் கவனியுங்கள்.

அதன்பின் கையில் கிடைத்த குவார்ட்டர்பேக்குகளையெல்லாம் வரிசையாகப் பாருங்கள். பெரிதாக யாரும் கேள்விப்படாத ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்த கென் ஆண்டர்சன் 1974, 1975 இரு ஆண்டுகளிலும் பந்தெறிதல் தரவரிசையில் முதல்வர். 1976இல் ஓராண்டு சான் டியாகோவில் டான் ஃபௌட்ஸ். அவருடைய ஆட்டம் அங்கிருந்துதான் நிமிர்ந்தது. 1977, 1978இல் ஸ்டான்ஃபோர்டில் கை பெஞ்சமின், ஸ்டீவ் டில்ஸ். இருவரும் அவரவர் ஆண்டில் நாட்டிலேயே முதன்மைக் கல்லூரிப் பந்தெறிவாளர்கள். மொண்டானா இந்த வரிசையில் தொடக்கம் அல்லர்.

கிரிக்கெட்காரி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிரிக்கெட்டும் கபடியும் பார்த்து வளர்ந்தவள். இந்த ஆட்டத்தை மூன்று ஆண்டுகளாகத்தான் பின்தொடர்கிறேன். பந்தைக் குறுந்தூரம் எறிவதில் அப்படி என்ன புதுமை என்பது எனக்குப் பிடிபடவில்லை. எளிதாக எறியக்கூடியதைத் தடுப்பதும் எளிதுதானே? இன்னொன்று, முதல் பதினைந்து ஆட்டத்திட்டங்களை வால்ஷ் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவார் என்று எங்கோ படித்தேன். எதிரணி என்ன செய்யும் என்று தெரியாமல் எப்படி எழுத முடியும்? பிட்ச் பார்க்காமலே களத்தடுப்பு அமைப்பது போலல்லவா இருக்கிறது?

அளவுகோல் எழுதியது:

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு விடை மைதானத்தின் அளவிலும் குவார்ட்டர்பேக்கின் காலடியிலும் இருக்கிறது. மைதானம் நூறு யார்டு நீளம், ஐம்பத்து மூன்றே கால் யார்டுக்குச் சற்றுக் கூடுதலான அகலம். பழைய முறையில் ரிசீவர் ஓடி, தடுப்பாளரைத் தாண்டி, ஆளில்லாத இடத்துக்கு வந்துவிட்டதைக் குவார்ட்டர்பேக் பார்ப்பார்; பார்த்தபின் எறிவார். அதற்குள் எதிராளி அவர்மேல் விழுந்துவிடுவான். வால்ஷின் முறையில் குவார்ட்டர்பேக் பார்த்துவிட்டு எறிவதில்லை. மூன்று காலடி பின்வாங்கினால் இன்ன ஓட்டம், ஐந்து காலடி பின்வாங்கினால் இன்ன ஓட்டம் என்று காலடிக்கும் ரிசீவரின் பாதைக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறது. பின்கால் தரையில் ஊன்றிய நொடியில் பந்து கையைவிட்டுப் போகவேண்டும். அப்போது ரிசீவர் இன்னும் திரும்பியே இருக்கமாட்டார். அவர் திரும்பும்போது பந்து மார்புக்கு ஓர் அடி முன்னால் வந்துகொண்டிருக்கும். ஓர் அடி பின்னால் வந்தாலும் அவர் நிற்கவேண்டியிருக்கும்; நின்றால் அத்தோடு ஆட்டம் நின்றுவிடும். ஆகவே எளிதான எறிதல் என்று இதைச் சொல்ல முடியாது. வலு குறைவாகவும் துல்லியம் மிகுதியாகவும் வேண்டிய எறிதல்.

தடுப்பது ஏன் கடினம் என்றால், ஒரே பக்கத்தில் மூவர் மூன்று வெவ்வேறு ஆழங்களில் ஓடுவார்கள். ஒரு தடுப்பாளர் முன்னே வந்தால் பின்னால் இருப்பவருக்குப் பந்து. பின்னே போனால் முன்னால் இருப்பவருக்கு. குவார்ட்டர்பேக் அந்த ஒரு தடுப்பாளரை மட்டும் கவனித்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சின்சினாட்டியில் வால்ஷ் மேலே பார்வையாளர் மாடத்து அறையில் அமர்ந்து ஆட்டங்களைத் தேர்ந்து கீழே பால் பிரவுனுக்குச் சொல்லிவந்தார். தொடக்கத்துக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று பிரவுன் முன்கூட்டியே கேட்பார். அதற்காக நான்கைந்து திட்டங்களைக் குறித்துவைத்ததுதான் ஆரம்பம். போகப்போக அது பதினைந்தாகி, இருபதாகி, சான் ஃபிரான்சிஸ்கோவில் இருபத்தைந்தாயிற்று. அவர் காரணம் எளியது: எண்பதாயிரம் பேர் கத்தும் இடத்தில், தோற்றுக்கொண்டிருக்கும்போது, மனிதமூளை நன்றாக வேலை செய்யாது, வியாழக்கிழமை அமைதியான அறையில் எடுத்த முடிவு ஞாயிற்றுக்கிழமைப் பதற்றத்தில் எடுக்கும் முடிவைவிட மேலானது.

எதிரணியைத் தெரியாமல் எழுதுவது எப்படி என்கிறீர்கள். எழுதியவற்றில் பாதி எதிரணியைத் தெரிந்துகொள்வதற்காகவே எழுதப்பட்டவை. இன்ன அமைப்பில் நாம் நின்றால் அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று முதல் கால்பகுதியில் பார்த்துக்கொண்டால், மூன்றாம் கால்பகுதியில் அதே அமைப்பில் நின்று வேறொன்றைச் செய்யலாம். உங்கள் ஆட்டத்திலேயே சொல்வதானால், புதிய பேட்ஸ்மேனுக்கு முதல் ஓவரில் ஒரு ஷார்ட் பால் போட்டுப் பார்ப்பது விக்கெட்டுக்காக மட்டும் இல்லையே.

மூன்றாம் வரிசை எழுதியது:

அளவுகோல் அவர்களின் விளக்கத்தை ரசித்துப் படித்தேன். ஆனால் அதே விளக்கம் என் வாதத்துக்குத்தான் உதவுகிறது. 1979இல், வால்ஷின் முதல் பருவத்தில், ஸ்டீவ் டிபெர்க் 578 முறை எறிந்து 347 பாஸ்களை முடித்தார். இரண்டும் அப்போதைய என்எஃப்எல் சாதனைகள். முறை கச்சிதமாக வேலை செய்தது. அணியின் முடிவு? இரண்டு வெற்றி, பதினான்கு தோல்வி. வால்ஷ் வருவதற்கு முந்தைய ஆண்டும் அதே 2–14தான். முறை வந்து சாதனை படைத்தது, ஒரு வெற்றிகூடக் கூடவில்லை. மொண்டானா முழுநேரமாக வந்த 1981இல் 13–3. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ஏட்டுக்கட்டு எழுதியது:

வேண்டும் ஐயா. 1979க்கும் 1981க்கும் இடையில் மாறியது மொண்டானா மட்டும்தானா என்று பார்க்கவேண்டும்.

வால்ஷ் பொறுப்பேற்றபோது அவர் கையில் 1979 டிராஃப்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது; கடைசியாக முடித்த அணிக்கே முதல் வாய்ப்பு) முதல்சுற்று வாய்ப்பே இல்லை. முந்தைய நிர்வாகம் முழங்கால் தேய்ந்த ஓ.ஜே. சிம்ப்சனை வாங்குவதற்காக அதை பஃபலோவுக்குக் கொடுத்திருந்தது. 2–14 என்று முடித்ததால் அது டிராஃப்டின் முதலாவது தேர்வாகவே ஆகி, பஃபலோவுக்குப் போயிற்று. ஆட்டத்தில் கடைசி இடம், தேர்வில் முதல் இடமும் இல்லை. கெட்ட நேரம் என்றால் இதுதான்.

அந்நிலையில் வால்ஷ் கிளெம்சன் கல்லூரிக்கு ஸ்டீவ் ஃபுல்லர் என்ற குவார்ட்டர்பேக்கைப் பார்க்கப் போகிறார். ஃபுல்லர் எறிவதைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட, அவருடைய அறைத்தோழர் ஒருவர் வந்து ஓடுகிறார். வால்ஷின் கண் பிடிக்கவந்த ஆள்மேல் போய்விடுகிறது. அந்த ஆளைப் பத்தாவது சுற்றில், 249ஆவது இடத்தில் எடுக்கிறார். அவர்தான் ட்வைட் கிளார்க். லாஸ் ஏஞ்சலஸில் ஜேம்ஸ் ஓவன்ஸ் என்ற வேகக்காரரைச் சோதிக்கப் போனபோதும் இதே கதைதான். அங்கே பந்தெறிந்துகொண்டிருந்தவர் மொண்டானா. தோள்வலு போதாது என்று மற்ற அணிகள் தயங்கிய அவரை மூன்றாம் சுற்றில், 82ஆவது இடத்தில் எடுத்தார்கள். வர்ஜில் கார்ட்டரோடு வேலை செய்திராத ஒருவர் அந்தத் தோளைப் பார்த்திருப்பார். வால்ஷ் பார்த்தது கால்களை.

ஆக, மொண்டானா கிடைத்தார் என்று சொல்வதைவிட, மொண்டானாவைக் கண்டுகொள்ளும் கண் சின்சினாட்டியில் உருவாகியிருந்தது என்று சொல்வேன்.

1981க்கு வருவோம். அந்த ஆண்டு டிராஃப்டில் ரானி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன் ஆகிய மூன்று புதுமுகங்களை எடுத்து, மூவரையும் முதல் ஆண்டிலேயே பின்வரிசைத் தடுப்பில் நிறுத்தினார். அக்டோபரில் சான் டியாகோவிலிருந்து தடுப்பாட்டக்காரர் ஃபிரெட் டீன் வந்தார். வந்த சில நாட்களிலேயே டல்லாஸுக்கு எதிராக இறங்க, அணி 45–14 என்று வென்றது. ஓரத்து நாற்காலி பார்த்த அந்த ஜனவரி ஆட்டத்திலும் கிளார்க்கின் பந்தோடு கதை முடிந்துவிடவில்லை. மீதமிருந்த நொடிகளில் டல்லாஸின் ட்ரூ பியர்சன் பந்தோடு எண்ட் ஜோனை நோக்கித் தப்பி ஓட இருந்தபோது, எரிக் ரைட் பின்னாலிருந்து ஒற்றைக் கையால் அவர் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்து வீழ்த்தினார். அந்தக் கை தவறியிருந்தால் ‘தி கேட்ச்’ என்று இன்று யாரும் பேசமாட்டார்கள்.

வளைகுடாவாசி எழுதியது:

நான் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பல ஆண்டுகளாக இருப்பவன். இந்த ஊர்க்காரர்கள் சூப்பர் பவுல்களைப் பற்றிப் பேசுவதைவிட 1980ஐப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்த்திப் பேசுவார்கள். அந்தப் பருவம் மூன்று தொடர் வெற்றிகளோடு தொடங்கி, எட்டுத் தொடர் தோல்விகளில் விழுந்தது. எட்டாவது தோல்வி மியாமியில், 17–13. நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விமானத்தில் திரும்பும்போது வால்ஷ் முன்வரிசையில் அமர்ந்து இருட்டில் அழுதிருக்கிறார். வீரர்கள் கண்ணில் படக்கூடாதென்று உதவிப் பயிற்சியாளர்கள் அவரைச் சுற்றி மறைத்து நின்றார்கள். அந்தப் பயணத்தின்போது விலகிவிடுவதென்றே முடிவெடுத்தார். தரையிறங்குவதற்குள் மனத்தை மாற்றிக்கொண்டார்.

மூன்று வாரங்கள் கழித்து, டிசம்பர் 7, நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். இடைவேளையில் 35–7 என்று பின்தங்கியிருந்தார்கள். கூடுதல் நேரத்தில் 38–35 என்று வென்றார்கள். வழக்கமான பருவத்தின் மிகப் பெரிய மீட்சி என்ற இடத்தில் அந்த ஆட்டம் 2022 வரை இருந்தது. பருவம் 6–10 என்று முடிந்தது. பட்டியலில் பார்த்தால் அதுவும் ஒரு தோல்விப் பருவம்தான். அந்த எட்டுத் தோல்விகளின்போதும் பயிற்சியில் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகவேண்டும் என்ற கட்டளையிலிருந்து, அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் எப்படிப் பேசவேண்டும் என்பதுவரை எதிலும் வால்ஷ் தளர்த்தவில்லை. தோற்கும் அணிக்கு இதெல்லாம் எதற்கு என்று அன்று சிரித்தவர்கள் உண்டு.

சிரிப்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அவர் விறைப்பான மனிதர் அல்லர். 1982 சூப்பர் பவுலுக்காக அணி டெட்ராய்ட் அருகே விடுதிக்குப் பேருந்தில் வந்து இறங்கியபோது, சுமைதூக்குபவரின் சீருடையில் ஒருவர் வந்து வீரர்களின் பெட்டிகளைப் பிடித்து இழுத்தார். மொண்டானா தன் பெட்டியை விடாமல் மல்லுக்கட்டினார். தொப்பிக்குக் கீழே பார்த்தால் வால்ஷ். முதல்முறையாக அந்த மேடைக்கு வந்த இளைஞர்களின் நடுக்கம் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கரைந்தது. சின்சினாட்டியை 26–21 என்று வென்றார்கள்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

அந்த எதிரணி சின்சினாட்டி என்பதுதான் முக்கியம். 1976 தொடக்கத்தில் பால் பிரவுன் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகியபோது, எட்டு ஆண்டுகள் தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்த வால்ஷுக்கே அடுத்த இடம் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். பிரவுன் வேறொரு உதவியாளரான பில் ஜான்சனைத் தேர்ந்தெடுத்தார். வேறு அணிகள் விசாரித்தபோதும் பிரவுன் தனக்கு எதிராகவே சொல்லிவந்தார் என்று வால்ஷ் பின்னாளில் கூறினார். அது பிரவுன் தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடிய விஷயம் அன்று. ஆனால் பலன் நம் கண்முன் இருக்கிறது: வால்ஷ் என்எஃப்எல் தலைமைப் பயிற்சியாளரானபோது அவருக்கு வயது 47. வென்ற மூன்று சூப்பர் பவுல்களில் இரண்டு பிரவுனின் அணிக்கு எதிரானவை. முதலாவதில் எதிர்ப்பக்கத்துக் குவார்ட்டர்பேக், அவரே வளர்த்த கென் ஆண்டர்சன். மற்றொன்றில் எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர், அவரிடமே உதவியாளராக இருந்த சாம் வைச்.

மூன்றாம் வரிசை எழுதியது:

டிராஃப்ட் வாதத்தை ஏற்கிறேன். 1985இல் சாம்பியன் அணிக்குரிய கடைசி இடத்திலிருந்து 16ஆவது இடத்துக்கு ஏறி வந்து ஜெர்ரி ரைஸை எடுத்ததையும், 1986இல் தன் இடங்களை விற்று விற்றுக் கீழே இறங்கியே சார்ல்ஸ் ஹேலி, ஜான் டெய்லர், டாம் ராத்மன் போன்றோரை அள்ளியதையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் அவரைச் சிறந்த தேர்வாளர் என்று சொல்லுங்கள்.

இன்னொரு பக்கத்தை யாரும் பேசவில்லை. அவரிடம் ஆடியவர்கள் பட்ட வேதனை. ஒரு வீரரை ஓராண்டு தாமதமாக அனுப்புவதைவிட ஓராண்டு முன்பே அனுப்புவது மேல் என்பது அவர் கொள்கை. 1986இல் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு இரண்டே மாதங்களில் மைதானத்துக்குத் திரும்பிய மொண்டானாவின் தலைக்குமேல், 1987இல் டாம்பா பேயிலிருந்து ஸ்டீவ் யங்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தப் பருவத்தில் 13–2 என்று முடித்துவிட்டு, மின்னசோட்டாவுடனான பிளேஆஃபில் பின்தங்கியதும் மொண்டானாவை வெளியே இழுத்து யங்கை இறக்கினார். அப்படியும் 36–24 என்று தோற்றார்கள். தனக்கு இரண்டு சூப்பர் பவுல் வாங்கிக்கொடுத்தவரை ஊர்பார்க்க உட்காரவைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அளவுகோல் எழுதியது:

உறுத்துவது நியாயம். அவருக்கே உறுத்தியிருக்கும். ஆனால் அதே கணக்கு அவர்மேலும் திரும்பியது. அந்தத் தோல்விக்குப்பின் டிபார்டலோ அவரிடமிருந்து அணி நிர்வாகத்தின் தலைவர் (பிரசிடென்ட்) என்ற பதவியைப் பறித்தார். ஆண்டுக்கு ஆண்டு வென்றாலும், சூப்பர் பவுல் வராத ஆண்டு தோல்வி ஆண்டு என்று எண்ணப்படும் நிலையை அந்த அணியில் உருவாக்கியவரும் வால்ஷ்தான். அதில் முதலில் நசுங்கியவரும் அவர்தான்.

யங்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் 1994 பருவத்தின் சூப்பர் பவுலில் ஆறு டச் டவுன் பாஸ்கள் எறிந்து அணியை 49–26 என்று வெல்லவைத்தபோது, வால்ஷ் போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. டாம்பா பே கைவிட்ட ஒருவர் அவர். மொண்டானா இல்லாமலும் அந்த ஆட்டமுறை நின்றது என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அது மற்ற ஊர்களுக்கும் போனது. வால்ஷிடம் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக இருந்த மைக் ஹோம்கிரன் கிரீன் பேயில் பிரெட் ஃபார்வைக்கொண்டு வென்றார். ஹோம்கிரனிடம் உதவியாளராக இருந்த ஆண்டி ரீட், கான்சஸ் சிட்டியில் மூன்று சூப்பர் பவுல் வென்றிருக்கிறார். இன்று ரீட் எழுதிவைத்துக்கொண்டு தொடங்கும் முதல் பதினைந்து திட்டங்களைப் பற்றி வர்ணனையாளர்கள் வியக்கும்போதெல்லாம் எனக்குச் சின்சினாட்டி மாடத்து அறைதான் நினைவுக்கு வரும்.

கிரிக்கெட்காரி எழுதியது:

கருப்பினப் பயிற்சியாளர்களுக்காக அவர் ஒரு திட்டம் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். அது உண்மைதானா?

வளைகுடாவாசி எழுதியது:

உண்மை, அம்மா. 1987இல் தொடங்கினார். சிறுபான்மைப் பயிற்சியாளர்களைக் கோடைப் பயிற்சிமுகாமுக்கு அழைத்து, கூட்டங்களிலும் மைதானத்திலும் உடன் வைத்துக்கொள்வது. வீரர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவராக இருக்க, தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் அப்போது ஒருவர்கூட இல்லை. அவர் பெயரிலேயே என்எஃப்எல் இன்றும் அதை நடத்துகிறது. தொழிலில் தன் உள்ளறைக்கு வெளியாளை விடாத பயிற்சியாளர்கள் நடுவே, திட்ட அட்டைகளோடு சேர்த்துக் கதவைத் திறந்துவைத்தவர். சிறுபான்மையினருக்கான இடங்கள் இன்றும் போதவில்லை என்பது தனிச் சண்டை. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

ஓரத்து நாற்காலி எழுதியது:

இவ்வளவும் படித்தபின் நேற்றிரவு ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளராக அவருடைய கடைசி ஆட்டத்தைப் பார்த்தேன். 1989 ஜனவரி 22, மியாமி, மறுபடியும் சின்சினாட்டி. 16–13 என்று பின்தங்கியிருக்கையில், 3 நிமிடம் 10 நொடி மீதமிருக்க, தங்கள் எட்டு யார்டு கோட்டிலிருந்து தொடங்குகிறார்கள். 92 யார்டு போகவேண்டும். பதட்டமே தெரியவில்லை. ஏழு யார்டு, எட்டு யார்டு, பதின்மூன்று யார்டு என்று சீட்டுக்கட்டைப் பிரித்து வைப்பதுபோல வைத்துக்கொண்டே போகிறார் மொண்டானா. அந்த ஆட்டத்தில் 11 பந்துகளைப் பிடித்து 215 யார்டு ஓடிய ஜெர்ரி ரைஸைத்தான் கடைசியில் தேடுவார்கள் என்று எதிரணி நினைப்பது இயல்பு. 34 நொடி இருக்கையில் பந்து ஜான் டெய்லரிடம் போகிறது. அந்த ஆட்டம் முழுவதிலும் டெய்லர் பிடித்த ஒரே பந்து அது. 20–16.

வெற்றிக்குப்பின் உடைமாற்றும் அறையில் தொலைக்காட்சிக்காரர் இதுதான் கடைசி ஆட்டமா என்று கேட்கிறார். வால்ஷ் பதில் சொல்லாமல் அருகில் நின்ற மகனின் தோளில் முகத்தைப் புதைத்து அழுகிறார். வளைகுடாவாசி சொன்ன அந்த விமானம் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று எட்டுத் தோல்விக்கு அழுதார், இன்று மூன்றாவது சூப்பர் பவுலுக்கு. சில நாட்களில் விலகினார். அவசரப்பட்டுவிட்டேன் என்று பின்னாளில் வருந்தினார் என்றும் படித்திருக்கிறேன். 2007 ஜூலை 30 அன்று இரத்தப் புற்றுநோயால், 75ஆம் வயதில் மறைந்தார்.

மூன்றாம் வரிசை எழுதியது:

டெய்லரை 1986இல் மூன்றாம் சுற்றில் எடுத்தவர் யார் என்று ஏட்டுக்கட்டு அவர்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்த 92 யார்டை மொண்டானாவின் கணக்கிலிருந்து நான் எடுக்கமாட்டேன். 82ஆவது இடத்தில் அவர் பெயரைச் சொன்னதை மட்டும் வால்ஷ் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு அந்த எரிக் ரைட்டின் ஒற்றைக் கையையும்.